கருவூலப் பத்திரங்களில் பணம் போடலாமா? மலேசியத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், வீட்டை விற்றோ சேமநிதியை எடுத்தோ கையில் ஒரு தொகையை வைத்திருப்பவர்களும் “முதல் கரையக் கூடாது, வட்டி சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை” என்று சொல்லி வழி கேட்பது பினாங்கில் நாள்தோறும் காதில் விழும் பேச்சு. அவர்களுள் பலர் அமெரிக்காவையோ சிங்கப்பூரையோ மையமாக வைத்து எழுதப்பட்ட அறிவுரைகளைப் படித்துவிட்டு, கருவூலப் பத்திரத்தைத் தேடி உள்ளூர் வங்கிக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ரிங்கிட்டில் சம்பாதித்து ரிங்கிட்டில் செலவழிப்பவரை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கருவூலப் பத்திரம் என்பது என்ன?

அரசாங்கம் ஓராண்டுக்கு மேற்படாத குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது கொடுக்கும் பத்திரமே கருவூலப் பத்திரம். பேச்சு வழக்கில் டி-பில் என்பார்கள். மலேசியாவில் இது 3, 6, 12 மாதத் தவணைகளில் வெளியிடப்படுகிறது. வரிப்பணம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. ஆனால் ஆசிரியர் சம்பளமும் மருத்துவமனைச் செலவும் மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும். இந்த இடைவெளியை நிரப்புவதற்கே அரசாங்கம் இத்தகைய குறுங்காலக் கடனை நாடுகிறது. வெளியிடும் பொறுப்பை அரசாங்கத்தின் சார்பில் பேங்க் நெகாரா மலேசியா ஏற்று நடத்துகிறது. கடன் வாங்குவது அரசாங்கம், ஏலம் நடத்துவது பேங்க் நெகாரா என்ற வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் பேங்க் நெகாரா தன் பெயரிலேயே வெளியிடும் குறுங்காலப் பத்திரங்களும் சந்தையில் உள்ளன. அவற்றின் நோக்கம் அரசாங்கச் செலவுக்குப் பணம் திரட்டுவது அன்று. வங்கிகளிடம் மிதமிஞ்சிப் புழங்கும் பணத்தை உறிஞ்சி எடுப்பது.

இதில் வட்டியே இல்லை என்கிறார்கள். பிறகு லாபம் எங்கிருந்து வருகிறது?

மாதாமாதம் கணக்கில் வந்து விழும் வட்டி இதில் இல்லை என்பது உண்மைதான். பத்திரத்தை முகமதிப்பை விடக் குறைந்த விலைக்கு வாங்குகிறோம். தவணை முடியும் நாளில் முழு முகமதிப்பும் கிடைக்கிறது. இடையிலுள்ள வித்தியாசமே நம் வருவாய். 100,000 ரிங்கிட் முகமதிப்புள்ள 91 நாள் பத்திரம் ஒன்றை 99,250 ரிங்கிட்டுக்கு வாங்கியதாகக் கொள்வோம். முதிர்வு நாளில் 750 ரிங்கிட் கூடுதலாகக் கைக்கு வரும். போட்ட 99,250 ரிங்கிட்டுக்கு 91 நாளில் 750 என்றால், 365 நாள் கணக்கில் அது ஆண்டுக்குச் சுமார் 3.03 விழுக்காடு ஆகிறது. எஃப்.டி. எனப்படும் வங்கித் தவணை வைப்போடு ஒப்பிட வேண்டிய எண் இந்தக் கடைசி எண்தான். 750 ரிங்கிட்டை 100,000 ரிங்கிட்டால் வகுத்து “முக்கால் விழுக்காடுதானா?” என்று ஏமாற்றமடைபவர்கள், மூன்று மாத வருவாயை ஓராண்டு வட்டியோடு ஒப்பிடுகிறார்கள்.

ஆபத்தே இல்லாத முதலீடு என்று சொல்லலாமா?

ரிங்கிட்டில் கிடைக்கக்கூடிய முதலீடுகளுள் மிகக் குறைந்த ஆபத்துள்ளது என்று தயங்காமல் சொல்லலாம். ஆபத்தே இல்லாதது என்று சொல்லக் கூடாது. தன் சொந்த நாணயத்தில் வாங்கிய கடனை, வரி விதிக்கும் அதிகாரம் உள்ள அரசாங்கம் சில மாதங்களில் திருப்பித் தரத் தவறுவது மிக அரிது. ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் என்னும் தரமதிப்பீட்டு நிறுவனம் மலேசிய அரசாங்கத்தின் ரிங்கிட் கடனுக்கு ‘ஏ’ தரத்தையும், வெளிநாட்டு நாணயக் கடனுக்கு அதைவிட ஒரு படி குறைவான ‘ஏ மைனஸ்’ தரத்தையும் அளித்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

எஞ்சியிருக்கும் ஆபத்து வேறு வகையானது. விலைவாசி உயர்வு அவற்றுள் முதன்மையானது. 2022இல் நாட்டின் பணவீக்கம் 3.3 விழுக்காடாக இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதமான ஓ.பி.ஆர். வெறும் 1.75 விழுக்காடு. குறுங்காலப் பத்திரங்களின் வருவாய் ஓ.பி.ஆரை ஒட்டியே நகரும் என்பதால், அந்த ஆண்டு முழுப் பாதுகாப்போடு பணத்தை வைத்திருந்தவர் உண்மையில் வாங்கும் சக்தியை இழந்தார். 2024இல் பணவீக்கம் 1.8 விழுக்காடாகத் தணிந்து ஓ.பி.ஆர். 3 விழுக்காடாக இருந்தபோது நிலைமை தலைகீழானது. மற்றோர் ஆபத்து, மறுமுதலீட்டில் வருவது: மூன்று மாதத் தவணை முடியும்போது வட்டி விகிதம் குறைந்திருந்தால், அடுத்த பத்திரம் குறைந்த வருவாயையே தரும். 2025 ஜூலையில் ஓ.பி.ஆர். 3.00இலிருந்து 2.75 ஆகக் குறைக்கப்பட்டபோது குறுங்காலச் சேமிப்பாளர்கள் அனைவரும் இதை உணர்ந்தார்கள். தவணை முடியுமுன் விற்க நேர்ந்தால் விலை சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சில மாதப் பத்திரத்தில் அந்த ஏற்ற இறக்கம் மிகச் சிறியது.

என்னிடம் 20,000 ரிங்கிட் இருக்கிறது. நேரடியாக வாங்க முடியுமா?

முடியாது. மலேசியக் கருவூலப் பத்திரங்கள் ‘ஃபாஸ்ட்’ என்னும் மின்னணு ஏல முறையில், பேங்க் நெகாரா நியமித்துள்ள முதன்மை வணிகர்கள் எனப்படும் வங்கிகள் வழியாகவே விற்கப்படுகின்றன. அந்தப் பத்திரங்களுக்குக் காகித வடிவமும் கிடையாது. பெரிய வங்கிகளுக்கிடையிலான ‘ரெண்டாஸ்’ தீர்வு முறையில் கணக்குப் பதிவாக மட்டுமே அவை இருக்கின்றன. ஏலத்துக்குப் பிந்திய சந்தையில் வழக்கமான ஒரு வணிகத்தின் அளவு 5 மில்லியன் ரிங்கிட். பெருஞ்செல்வர்களுக்கென வங்கிகள் நடத்தும் தனிப்பிரிவுகள் வழியே அரசாங்கக் கடன்பத்திரங்களை வாங்கித் தருவது உண்டு. சாதாரணக் கிளையில் போய்க் கேட்டால் முகப்பில் இருப்பவருக்கே நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று புரியாமல் போகலாம். அதற்காக அவர்மேல் கோபப்படுவதில் பயன் இல்லை.

இதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் உண்டு. 1946ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கருவூலப் பத்திரச் சட்டத்தின்படி இவ்வகைக் கடன் எந்த நேரத்திலும் 10 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. 2023 இறுதியில் மத்திய அரசாங்கத்தின் மொத்தக் கடன் சுமார் 1.17 டிரில்லியன் ரிங்கிட். அதோடு ஒப்பிட்டால் கருவூலப் பத்திரங்களின் உச்சவரம்பு ஒரு விழுக்காடுகூட இல்லை. அரசாங்கம் பெரும்பாலும் பல ஆண்டுத் தவணையுள்ள எம்.ஜி.எஸ். பத்திரங்கள், அவற்றின் இஸ்லாமிய வடிவமான எம்.ஜி.ஐ.ஐ. பத்திரங்கள் வழியாகவே கடன் வாங்குகிறது. சந்தைக்கு வரும் இந்தச் சிறிய அளவையும், உடனே பணமாக்கத்தக்க சொத்துகளைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய வங்கிகளும் வெளிநாட்டு நிதி நிறுவனங்களும் போட்டி போட்டு வாங்குகின்றன. கேட்பவர் அதிகம், சரக்கு குறைவு என்னும்போது விலை ஏறும். விலை ஏறினால் வருவாய் குறையும். ஆகவே சாமானியருக்குக் கதவு மூடப்பட்டிருப்பதால் பெரிய லாபம் ஒன்று கைநழுவிப் போகிறது என்று வருந்த வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் கைப்பேசியிலேயே வாங்குகிறானே?

அங்கே அரசாங்கம் பொதுமக்களையும் மனத்தில் வைத்து அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. 18 வயது நிறைந்து, மூன்று உள்ளூர் வங்கிகளுள் ஒன்றில் கணக்கும், பங்கு வைப்பகக் கணக்கும் உள்ளவர் 1,000 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்தே கருவூலப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். விலை எதையும் குறிப்பிடாமல், ஏலத்தில் முடிவாகும் விகிதத்தை ஏற்றுக்கொள்வதாகவும் விண்ணப்பிக்கலாம். 2022 டிசம்பரில் அங்கே ஆறு மாதப் பத்திரத்தின் வருவாய் 4.40 விழுக்காடு வரை போனபோது மக்கள் அலைமோதினார்கள். 2025இல் அது 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது.

சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்கி, அங்கேயே வாடகையும் செலவும் செய்யும் மகனுக்கு அது பொருத்தமான இடம். இங்கேயுள்ள பெற்றோர் தங்கள் ரிங்கிட் சேமிப்பை மாற்றி அவன் பெயரில் போடச் சொல்வது வேறு கதை. நாணய மாற்று ஆபத்தோடு, பணம் சட்டப்படி யாருடையது என்னும் சிக்கலும் அதில் சேர்ந்துகொள்கிறது.

வங்கியில் எஃப்.டி. போடுவதைவிடக் கருவூலப் பத்திரம் பாதுகாப்பானதுதானே?

250,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சேமிப்பைப் பொறுத்தவரை, நடைமுறையில் இரண்டுக்கும் இடையே பாதுகாப்பில் கவலைப்படத்தக்க வேறுபாடு இல்லை என்பதே என் கருத்து. 2005இல் தொடங்கப்பட்ட பி.ஐ.டி.எம். எனப்படும் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம், உறுப்பு வங்கி ஒன்று மூழ்கினால் ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் 250,000 ரிங்கிட் வரை திருப்பித் தரும். இதற்கு நாம் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. வட்டியும் இந்த வரம்புக்குள்ளேயே கணக்கிடப்படும் என்பதால் வரம்பைத் தொட்டுக்கொண்டு பணம் போடாமல், வட்டி சேர்வதற்குச் சற்று இடம் விட்டு 240,000 அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

அந்த வரம்பைச் சட்டப்படியே பெருக்கிக்கொள்ளும் வழிகளும் உண்டு. இதைப் பலர் அறியார். ஒவ்வோர் உறுப்பு வங்கிக்கும் வரம்பு தனித்தனி. மரபுவழி வைப்புக்கும் இஸ்லாமிய வைப்புக்கும் தனித்தனி. கணவன் மனைவி கூட்டாக வைத்திருக்கும் கணக்கு, அவரவர் தனிக்கணக்கிலிருந்து வேறாகக் கருதப்படும். ஆக, ஜார்ஜ் டவுனில் கடையை விற்று 700,000 ரிங்கிட் வைத்திருக்கும் ஒரு தம்பதியர் மூன்று வங்கிகளில் பிரித்துப் போட்டாலே முழுத்தொகையும் காப்புக்குள் வந்துவிடும். ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் போடுவது பயன் தராது, பி.ஐ.டி.எம். வங்கியைத்தான் பார்க்கும், கிளையைப் பார்க்காது.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. இஸ்லாமிய வங்கிகள் வழங்கும் ‘முதலீட்டுக் கணக்கு’ பார்வைக்கு எஃப்.டி. போலவே இருக்கும், தவணை உண்டு, எதிர்பார்க்கப்படும் விகிதமும் எழுதியிருக்கும். ஆனால் அது வைப்பு அன்று, முதலீடு, பி.ஐ.டி.எம். காப்பு அதற்கு இல்லை. பேங்க் சிம்பானான் நேஷனல், பேங்க் ராக்யாட் போன்ற வளர்ச்சி நிதி நிறுவனங்கள் பி.ஐ.டி.எம். உறுப்பினர்கள் அல்ல, அவை வேறு சட்டங்களின் கீழ் இயங்குகின்றன. கூட்டுறவுச் சங்கங்களும் அந்தக் காப்புக்கு வெளியேதான் உள்ளன. 1986இல் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டு, ஏராளமான குடும்பங்கள் தங்கள் பணம் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எஃப்.டி. சிறப்பு விகிதம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

வங்கிகள் புதிய பணத்தை ஈர்ப்பதற்காக அவ்வப்போது அறிவிக்கும் சிறப்பு விகிதங்கள் பெரும்பாலும் கருவூலப் பத்திர வருவாயைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 2024இல் ஓ.பி.ஆர். 3 விழுக்காடாக இருந்தபோது 3.5 விழுக்காட்டைத் தாண்டிய சிறப்பு எஃப்.டி.கள் கிடைத்தன. ஆனால் அந்த விகிதம் எந்த நிபந்தனைகளோடு வருகிறது என்பதை விண்ணப்பத் தாளில் விரல் வைத்துப் படிக்க வேண்டும். ‘புதிய பணம்’ என்றால் அதே வங்கியின் சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றும் பணம் செல்லாது. வேறு வங்கியிலிருந்து வர வேண்டும். பாதித் தொகையைக் காப்புறுதித் திட்டத்திலோ, யூனிட் டிரஸ்ட் எனப்படும் கூட்டு முதலீட்டு நிதியிலோ போட்டால்தான் மீதிப் பாதிக்கு அந்தக் கவர்ச்சியான விகிதம் என்று சில சலுகைகள் அமையும். யூனிட் டிரஸ்ட் வாங்கும்போது பிடிக்கப்படும் விற்பனைக் கட்டணம், எஃப்.டி.யில் கூடுதலாகக் கிடைக்கும் வட்டியை ஒரே நாளில் விழுங்கிவிடும். முதலைக் காப்பாற்ற வந்தவர் இத்தகைய இணைப்புச் சலுகைக்கு “வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதே நல்லது.

தவணை முடிந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் எதுவும் சொல்லாவிட்டால் பணம் தானாகவே புதுப்பிக்கப்படும். ஆனால் சிறப்பு விகிதத்தில் அன்று, வங்கியின் சாதாரணப் பலகை விகிதத்தில். ஆறு மாதம் நல்ல வட்டி வாங்கிவிட்டு, பிறகு இரண்டு ஆண்டுகள் கவனிக்காமல் விட்டவர்களின் சராசரி வருவாய் மிகச் சொற்பம். முதிர்வுத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தவணை முடியுமுன் எடுத்தால், 2019 ஜனவரி முதல் போடப்பட்ட எஃப்.டி.களுக்கு வட்டியே கிடையாது என்பதால், முழுத்தொகையையும் ஒரே ரசீதில் பூட்டாமல் நான்கைந்து ரசீதுகளாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி அமைப்பது அறிவுடைமை. மருத்துவச் செலவுக்கு 10,000 ரிங்கிட் தேவைப்படும்போது 100,000 ரிங்கிட் ரசீதை உடைக்கும் நிலை அப்போது வராது.

பணச் சந்தை நிதி வழியாகக் கருவூலப் பத்திரத்தில் மறைமுகமாகச் சேரலாம் என்கிறார்கள். சரியா?

ஓரளவு சரி. பணச் சந்தை நிதிகள் பலரின் பணத்தைத் திரட்டி, வங்கி வைப்புகளிலும் குறுங்காலப் பத்திரங்களிலும் போடுகின்றன. டச் என் கோ மின்பணப்பையில் உள்ள ‘கோ பிளஸ்’ வசதியும் இவ்வகை நிதி ஒன்றில்தான் பணத்தைச் சேர்க்கிறது. சிறு தொகையில் தொடங்கலாம், வருவாய் நாள்தோறும் சேரும், விரைவில் எடுக்கலாம். ஆனால் நிதியின் மாத அறிக்கையைத் திறந்து பார்த்தால், பணத்தின் பெரும்பகுதி வங்கி வைப்புகளில் இருப்பதைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள். அரசாங்கப் பத்திரத்துக்கு அதில் பெரிய இடம் இருக்கும் என்று எதிர்பார்த்துச் சேராதீர்கள்.

இவை யூனிட் டிரஸ்ட் என்பதால் பி.ஐ.டி.எம். காப்பு இல்லை. முதல் குறைவதற்கான வாய்ப்பு சிறியதுதான். ஆயினும் “வங்கியில் இருப்பது போலத்தான்” என்று யாரேனும் சொன்னால் அது துல்லியமான பேச்சு அன்று. மாதச் செலவுக்கான பணத்தையும், அடுத்த எஃப்.டி.க்காகக் காத்திருக்கும் பணத்தையும் இதில் வைக்கலாம். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

கடன்பத்திர நிதிகளும் அரசாங்கப் பத்திரங்கள்தாமே?

பெயர் ஒன்று, நடத்தை வேறு. புர்சா மலேசியா பங்குச் சந்தையில் 2005இல் பட்டியலிடப்பட்ட ஏ.பி.எஃப். மலேசியக் கடன்பத்திரக் குறியீட்டு நிதி, இந்நாட்டின் முதல் இ.டி.எஃப்., அதாவது பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கத்தக்க நிதி ஆகும், அது அரசாங்கத்தின், அரசாங்கம் சார்ந்த அமைப்புகளின் நீண்டகாலப் பத்திரங்களை வைத்திருக்கிறது. பங்குக் கணக்கு உள்ள எவரும் அதை வாங்கலாம். ஆனால் வட்டி விகிதம் ஏறும்போது நீண்டகாலப் பத்திரத்தின் விலை இறங்கும். தவணை எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழமாக இறங்கும். 2022இல் ஓ.பி.ஆர். நான்கு முறை உயர்த்தப்பட்ட ஆண்டில் இத்தகைய நிதிகளை வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்கு மேல் தேவைப்படாத பணத்துக்கு இது தக்கது. அடுத்த ஆண்டு மகளின் திருமணத்துக்காக ஒதுக்கிய பணத்துக்கு இது தகாது.

பொதுமக்களுக்கென்றே அரசாங்கம் பத்திரம் வெளியிட்டதே இல்லையா?

உண்டு, ஆனால் அபூர்வமாக. 2020இல் கோவிட் காலத்தில் ‘சுக்குக் பிரிஹாத்தின்’ என்னும் இஸ்லாமிய முறைப் பத்திரம் வெளியிடப்பட்டது. குறைந்தபட்ச முதலீடு 500 ரிங்கிட், தவணை இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 2 விழுக்காடு லாபம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வங்கிகளின் இணையச் சேவை வழியாகவே வாங்க முடிந்தது. 500 மில்லியன் ரிங்கிட் இலக்கைத் தாண்டிச் சுமார் 666 மில்லியன் திரண்டது. எம்.ஆர்.டி. ரயில் திட்டத்துக்கு நிதி திரட்டும் டானாஇன்ஃப்ரா நிறுவனம் 2013இல் பொதுமக்களுக்கான சுக்குக் பத்திரங்களைப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. இத்தகைய வெளியீடு மீண்டும் வந்தால் நாளிதழ்களில் அறிவிப்பு வரும். அதுவரை காத்திருப்பதைத் திட்டமாகக் கொள்ள வேண்டாம்.

நாங்கள் முஸ்லிம்கள். வட்டியில்லாத கருவூலப் பத்திரம் உண்டா?

பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இதைக் கேட்பது இயல்பே. மலேசிய இஸ்லாமியக் கருவூலப் பத்திரம் 2004 முதல் வெளியிடப்படுகிறது. கடனுக்கு வட்டி என்னும் முறைக்கு மாறாக, சொத்தை விற்று வாங்கும் ஒப்பந்தத்தின் அடிப்படையில் அது அமைந்தது. தொடக்கத்தில் பயன்படுத்தப்பட்ட, விற்ற சொத்தை அதே ஆளிடமிருந்து திரும்ப வாங்கும் ‘பய் அல்-இனா’ முறையை மத்தியக் கிழக்கு அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. அரசாங்கத்தின் நீண்டகால இஸ்லாமியப் பத்திரங்கள் 2013இல், அடக்க விலையோடு லாபத்தை வெளிப்படையாகச் சேர்த்து விற்கும் ‘முராபாஹா’ முறைக்கு மாறின. ஆனால் மரபுவழிப் பத்திரத்தைப் போலவே இதையும் தனிநபர் ஏலத்தில் வாங்க இயலாது. கைக்கெட்டும் மாற்று, இஸ்லாமிய வங்கியின் தவணை வைப்பு. அதற்கு பி.ஐ.டி.எம். காப்பும் உண்டு.

அமெரிக்கக் கருவூலப் பத்திரம் கூடுதல் வருவாய் தருகிறதே?

சில ஆண்டுகளில் தருகிறது. ஆனால் ரிங்கிட்டில் வாழ்பவருக்கு அது குறைந்த ஆபத்து முதலீடு அன்று. உள்ளே அரசாங்க உத்தரவாதமும் வெளியே நாணயச் சூதும் கொண்ட முதலீடு. 2024 மார்ச் இறுதியில் ஆறு மாத அமெரிக்கப் பத்திரம் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கும் மேல் தந்தது. 10,000 டாலர் முகமதிப்புள்ள பத்திரத்தை ஒருவர் சுமார் 9,740 டாலருக்கு வாங்கியிருப்பார். அன்று டாலர் ஏறத்தாழ 4.73 ரிங்கிட் என்பதால், அவர் செலவிட்டது சுமார் 46,000 ரிங்கிட். செப்டம்பர் இறுதியில் 10,000 டாலர் ஒரு காசு குறையாமல் வந்தது; ஆனால் அப்போது டாலர் ஏறத்தாழ 4.12 ரிங்கிட். கையில் கிடைத்தது சுமார் 41,200 ரிங்கிட். அமெரிக்க அரசாங்கம் வாக்குத் தவறவில்லை. இருந்தும் ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ரிங்கிட் வீழ்ந்திருந்தால் அதே வேகத்தில் லாபமும் வந்திருக்கும் என்பது மறுக்க முடியாதது. பிள்ளையின் படிப்புக் கட்டணத்தை டாலரில் கட்ட வேண்டியவருக்கு இது பொருத்தமான கருவி. மற்றவர்கள் அதைச் சேமிப்பு என்று அழைக்காமல் நாணய முதலீடு என்று அழைத்துவிட்டு, பிறகு முடிவு செய்யட்டும்.

வருமான வரி உண்டா?

மலேசியாவில் வசிக்கும் தனிநபர் உள்நாட்டு வங்கி வைப்புகளிலிருந்தும் மலேசிய அரசாங்கப் பத்திரங்களிலிருந்தும் பெறும் வட்டிக்கு வரிவிலக்கு உண்டு. பணச் சந்தை நிதிகளின் விநியோகத்துக்கு 2022 முதல் விதிக்கப்படும் 24 விழுக்காட்டுப் பிடித்தம் நிறுவனங்களுக்கானது, தனிநபரைத் தொடாது. சொந்தச் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ நிறுவனத்தின் பணத்தை இத்தகைய நிதியில் வைத்திருப்பவர்கள் கணக்காயரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேமநிதியில் 6 விழுக்காடு கிடைக்கும்போது இதையெல்லாம் எதற்குப் பார்க்க வேண்டும்?

நியாயமான கேள்வி, 60 வயதைக் கடந்தவருக்கு என் பதிலும் ஏறத்தாழ அதுவே. ஊழியர் சேமநிதியின் மரபுவழிச் சேமிப்புக்கு 2023இல் 5.50 விழுக்காடும் 2024இல் 6.30 விழுக்காடும் லாப ஈவு அறிவிக்கப்பட்டது. சட்டப்படி மரபுவழிச் சேமிப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு உறுதி செய்யப்பட்டுள்ளது. 60 வயதைக் கடந்தவர் தேவைப்படும்போது பணத்தை எடுக்கலாம் என்பதால், ஓய்வு பெற்ற கையோடு முழுத்தொகையையும் எடுத்து எஃப்.டி.யில் போடும் பழக்கம் பெரும்பாலும் நஷ்டக் கணக்கே. “கையில் இருந்தால்தான் நம் பணம்” என்னும் அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் அந்த அச்சத்தின் விலை ஆண்டுக்கு இரண்டு மூன்று விழுக்காடு.

இளையவர்களுக்குக் கணக்கு வேறு. தன்விருப்பச் சந்தாவாக ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை போடலாம் என்றாலும், 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்டவர் போடும் தொகையில் 10 விழுக்காடு மட்டுமே எந்நேரமும் எடுக்கத்தக்க நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது. ஓராண்டுக்குள் தேவைப்படும் பணத்தை அங்கே போட்டுவிட்டுத் திணறக் கூடாது. அமானா சஹாம் மலேசியா போன்ற, யூனிட் விலை 1 ரிங்கிட்டிலேயே நிற்கும் நிதிகளும் நல்லவைதாம். பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு அவற்றில் எப்போதும் யூனிட் கிடைப்பதில்லை என்பதே சிக்கல். அவற்றின் முதலுக்கு அரசாங்கத்தின் சட்டப்பூர்வ உத்தரவாதம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாங்க முடியாத பத்திரத்தின் விகிதத்தை நான் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

பிறர் சொல்லும் வாக்குறுதியை அளந்து பார்ப்பதற்காக. ஃபாஸ்ட் இணையத்தளத்தில் ஒவ்வொரு ஏலத்தின் முடிவையும் எவரும் பார்க்கலாம்: எவ்வளவு தொகைக்கு அழைப்பு, எவ்வளவு கேட்பு வந்தது, சராசரி வருவாய் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். மூன்று மாதப் பத்திரத்தின் சராசரி வருவாயை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி அதைவிட அரை விழுக்காடு கூடுதலாகத் தந்தால் அது போட்டி. ஒருவர் அதைப் போல இருமடங்கு தருவதாகச் சொன்னால், எங்கோ ஓர் ஆபத்து இருக்கிறது. அது எங்கே என்று அவரே விளக்க வேண்டும். மாதம் 5 விழுக்காடு என்று சொன்னால் விளக்கம்கூடக் கேட்க வேண்டியதில்லை.

“அரசாங்கக் கருவூலத் திட்டம், மாதம் 5 விழுக்காடு” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. நம்பலாமா?

நம்பக் கூடாது. மலேசிய அரசாங்கம் கருவூலப் பத்திரத்தை முகவர்கள் வழியாகவோ வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் வழியாகவோ விற்பதில்லை. பேங்க் நெகாராவும் தனிநபர்களிடமிருந்து வைப்புப் பெறுவதில்லை. கடிதத்தில் பேங்க் நெகாராவின் சின்னமும் ஆளுநரின் கையொப்பமும் இருப்பது எதற்கும் சான்றாகாது. பணத்தை ஒரு தனிநபரின் கணக்குக்கோ, பெயரே கேள்விப்படாத நிறுவனத்தின் கணக்குக்கோ அனுப்பச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் அழைக்கிறார், கோவிலில் பார்க்கும் முகம், ஊர்க்காரர் என்பதாலும் நம்பிவிடக் கூடாது. இவ்வகைத் திட்டங்கள் சமூகத்துக்குள் பரவுவது அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான். கூட்டு எனப்படும் சீட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதற்கு 1971ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் போட்டுத் தடை விதித்ததும், நம்பிக்கையின் பேரில் சேர்ந்த பணம் காணாமல் போனால் மீட்பது எவ்வளவு கடினம் என்பதால்தான்.

பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் தத்தம் இணையத்தளங்களில் எச்சரிக்கைப் பட்டியல்களை வெளியிடுகின்றன. பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பட்டியலில் இல்லாததால் மட்டும் ஒரு நிறுவனம் நல்லதாகிவிடாது, ஏனெனில் மோசடிக்காரர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பணத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், மகனுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டும் இராமல், உடனே உங்கள் வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு உண்டு; அதற்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் சில மணி நேரமே.